குழாயில் ஒரு குமிழி

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் வண்டியின் பிரேக் குழாயில் கடுகளவு ஒரு காற்றுக் குமிழி நிற்பதைப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஆனால் நலம் கேட்காமல் ஆரம்பிக்காதே என்று அம்மா சொல்கிறார். நானும் அம்மாவும் நலம், கப்பலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா. சொல்வது அம்மா, எழுதுவது புனிதாவாகிய நான், நடுவில் என் பேச்சையும் சேர்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை, செம்பனைக் காட்டில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்தால் சோற்றுத் தட்டை மடியில் வைத்தபடியே தூங்கிவிடுகிறார். நான் பள்ளியை விட்டதைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை. சமைக்கிறேன், துவைக்கிறேன், மாலையில் நீங்கள் விட்டுப்போன, பெட்ரோலில் ஓடும் பெரிய ரிமோட் காரை நம் தோட்டத்து லய வீடுகளுக்கு முன்னால் இருக்கும் சாலையில் ஓட்டுகிறேன். வீட்டை விட்டு நான் வெளியே வருவதே அதற்காகத்தான்.

போன வாரம் வண்டி இறக்கத்தில் வரும்போது பக்கத்து வீட்டுத் திலகா அக்காவின் மகன் மூன்று சக்கர சைக்கிளோடு குறுக்கே வந்துவிட்டான். பிரேக் போட்டேன், பின்பக்கம் மட்டும் பிடித்து வண்டி சறுக்கிக்கொண்டே போய்ச் சைக்கிளில் இடித்தது. பையனுக்குக் காயமில்லை, பயந்து அழுதான். இந்தப் பொண்ணுக்கு வாயும் இல்ல, வண்டிக்கு பிரேக்கும் இல்லலா என்று திலகா அக்கா லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மன்னிப்புக்கூடக் கேட்காமல், வளைந்துபோன சைக்கிளை நிமிர்த்தித் தரத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா அன்றைக்கே லோபாக் ஊரில் இருக்கும் உங்கள் நண்பர் யோகேந்திரனுக்குப் போன் போட்டு, ஞாயித்துக்கிழம வந்து வண்டிய எடுத்துட்டுப் போய்யா, சும்மாவே வச்சுக்கோ என்று சொல்லிவிட்டார். பிரேக்கை மாத்தினா நம்மளே வச்சுக்கலாமாம்மா என்று கேட்டேன். நிக்குதான்னு முதல்ல காட்டு என்றார்.

நீங்கள் வாங்கி வைத்து மாட்டாமல் போன எண்ணெய் பிரேக்கை எடுத்தேன். பெட்டியில் இருந்த படங்களைப் பார்த்துப் பார்த்து நாலு சக்கரத்திலும் தகடு மாட்டி, குழாய் இழுத்து, மருந்து போடும் ஊசி மாதிரி இருந்த ஊசியால் எண்ணெய் ஏற்றினேன். முதலில் முன்பக்கம் பிடி அதிகமாகி வண்டி மூக்கால் தரையைக் குத்தியது, அதைத் தளர்த்திச் சரிசெய்தேன். முன் குழாயில் அந்தக் குமிழி மட்டும் போகவில்லை, ஓட ஓடப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று அம்மா வேலை உடுப்போடு அப்படியே பார்க்க வந்தார். சாலையில் கோடு கிழித்து உர மூட்டையை வைத்து வண்டியை விட்டேன், மூட்டைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அம்மா மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கே போய் நின்றார். மூட்ட அழுமா, நான் நிக்கிறேன், விடு என்றார். என் விரல் விசையை இழுக்கவில்லை. உள்ள காத்து இருக்கும்மா, ஒரு நேரம் பிடிக்காமப் போயிரும் என்றேன். அம்மா திட்டவில்லை. அப்ப திலகா புள்ள வர்ற ரோட்டுல மட்டும் இத விடுவியா என்று கேட்டுவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். அந்தக் காத்த எடுத்துட்டுக் கூப்புடு, கால் வலிக்குது என்றார்.

இஞ்சினை அணைத்து, சக்கரத்துப் பக்கம் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து, ஊசியால் எண்ணெயை அழுத்தினேன். குமிழி பாதி வழியில் நின்று நின்று கடைசியில் வெளியே போனது, பிரேக் கல் மாதிரி இறுகியது. அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பினேன். மறுபடி கோட்டுக்குப் போகப் பார்த்தார், நான் விடவில்லை. இழுத்தா ஓடும், வெளிய தள்ளினா நிக்கும் என்று சொல்லி ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கோட்டில் போய் நான் நின்றேன்.

யோகேந்திரன் இன்று வந்தால் டீ மட்டும் கொடுத்து அனுப்புவோம், வண்டி இங்கேயே இருக்கட்டும், நீ கோபப்படாதே என்று அம்மா சொல்கிறார். மாரியாத்தா உன்னை நோய்நொடி இல்லாமல் கரைசேர்ப்பாள், கப்பல் இஞ்சின் சூட்டில் நிற்கும்போது தண்ணீர் குடிக்க மறக்காதே. அப்புறம், திலகாகிட்ட போயி வாயத் திறந்து பேசணும்னு எழுது என்கிறார். அது உங்களுக்கு இல்லை, எனக்குச் சொன்னது, ஆனாலும் எழுதிவிட்டேன். நிமிர்த்திய சைக்கிள் வாசலில் இருக்கிறது, இந்தக் கடிதத்தை மடித்து உங்கள் பார்சலில் வைத்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு திலகா அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

உன் அம்மா மங்கம்மா
எழுதியது தங்கை புனிதா