விளக்கைச் சுற்றி வளையம்

மார்ச் 4

துறைமுகப் படகுகளை இன்று முடித்தேன். நீர்வண்ணம். "படகை வரையாதீங்க, படகுமேல விழுற வெளிச்சத்தை வரைங்க, அதுதான் இம்ப்ரெஷனிஸ்ட் பாணி" என்று ஓவிய வகுப்பு ஆசிரியை சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படியே செய்தேன். பாய்மரங்கள் கரைந்து, தண்ணீரும் வானமும் ஒன்றாகி, கரை விளக்குகளைச் சுற்றி வண்ண வளையங்கள்.

இவர் பயணிகள் படகை ஓட்டி முடித்துவிட்டு வந்தார். சட்டையைக்கூட மாற்றாமல் படத்தின் முன்னால் நின்றார். "நான் ஓட்டிட்டு வரும்போது அப்படியே இதான் தெரியுது. அந்த வளையம்கூட."

கல்யாணமான நாளிலிருந்து என் படத்தைப் பற்றி இவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. சமைக்கும்போது தானாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9

பக்கத்து வீட்டுக்காரரை இழுத்து வந்து காட்டினார். மழையில் நனைந்த படம் மாதிரி இருக்கிறதே என்றார் அவர். இவர் விடவில்லை. "முதல்ல போய்க் கண்ணைக் காட்டுங்க" என்று அவரைக் கேலி செய்தார்.

மார்ச் 17

இவருக்கு மறுபடி தலைவலி. கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். டாக்டரிடம் போகலாமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

ஏன்? எழுதவே கூசுகிறது. கண் தெளிந்தால் இவருக்கும் அது நனைந்த படமாகத் தெரியுமோ என்று— ஒரு கணம்தான்.

ஏப்ரல் 2

இவர் ஓட்டிவந்த படகு, கரையில் பயணிகள் இறங்கும் மேடையில் மோதிவிட்டது. டிக்கெட் கொடுப்பவர் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. "மேடை இன்னும் தள்ளி இருக்குன்னு நெனச்சேன்." திரும்பத் திரும்ப இதையேதான் சொல்கிறார்.

ஏப்ரல் 3

கண்ணுக்குள் அழுத்தமாம். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அப்புறம் என்னைப் பார்த்து, "விளக்கைச் சுத்தி வளையம் தெரியுதுன்னு முன்னாடி எப்பவாவது சொன்னாராம்மா?"

இல்லை என்றேன்.

இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பினார்.

ஏப்ரல் 4

என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்: ஏன்டி பொய் சொன்னே?

ஏப்ரல் 11

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டீ சிந்திய அன்று என்ன நினைத்தேன் என்பது வரைக்கும். முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாக, "நான் அன்னைக்கு உன் படத்தைத்தான் புகழ்ந்தேன்" என்றார்.

எழுந்தார். பிடிக்கப் போன என் கையை விலக்கிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே அறைக்குள் போனார்.

ஏப்ரல் 19

வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கத் துறைமுக அலுவலகம் போனோம். திரும்பும்போது படிக்கட்டில் நின்று கையை நீட்டினார். நான் நின்ற பக்கம் அல்ல, மறுபக்கம். சுற்றி வந்து பிடித்துக்கொண்டேன்.