கடைசி மெட்சும் அண்ணன் திவசமும்

பெப்ரவரி 8, சனி

விளக்கு வைத்துவிட்டு போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அண்ணன் மகன் கிருஷ்ணராஜ் எடுக்கவில்லை. இங்கிலாந்து போன நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் எடுப்பான். எள் விளக்கை போனில் காட்டச் சொல்லி அங்கிருந்தே கும்பிடுவான். ஏழரை நடக்கிற பிள்ளை, அதனால் நானே பழக்கிவிட்ட பழக்கம்.

சாப்பிட்டு முடித்து நானே எடுத்தேன். ஒரே இரைச்சல். கலவரத்துக்குள்ளே நிற்கிற மாதிரி. "அத்தை, புட்போல் மெட்ச் பார்க்க வந்திருக்கேன், அப்புறம் எடுக்கிறேன்." டொக்கென்று வைத்துவிட்டான்.

மெட்சாம்! இங்கே வத்தேகமயில் இருந்த காலத்தில் பந்து உருண்டு வந்து காலில் பட்டாலும் தாண்டிப் போகிற பயல். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வயசானவர்களைப் பார்க்கிற வேலை. போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தக் கூத்து. அண்ணன் உயிரோடு இருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பார்.

பெப்ரவரி 15, சனி

போட்டோ அனுப்பியிருக்கிறான். கையில் வட்டமாக ஒரு பண்டம். உள்ளே என்னடா என்று கேட்டேன். "மாட்டிறைச்சி அத்தை. இங்க எல்லாரும் மெட்ச்சுல இதத்தான் சாப்பிடுவாங்க."

சனிக்கிழமை! மாடு! ஐயோ முருகா.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி, என்னைவிட மூத்தவள், வாயை ஆவென்று திறந்து கத்துகிறாள். அவள் கழுத்திலும் இவன் கழுத்திலும் ஒரே மாதிரி கம்பளித் துணி. "அது மொரீன் ஆண்ட்டி. பக்கத்து சீட்டு. அவங்கதான் எனக்குப் பின்னிக் குடுத்தாங்க."

ஆண்ட்டியா? அப்போ நான் யாரு? ஆறு வயசில் தாயில்லாமல் போனவனை இந்தக் கையால் சோறூட்டி வளர்த்தது யாரு? ஒரு துணியைப் பின்னிக் கொடுத்தால் ஆண்ட்டி ஆகிவிடலாமா?

மார்ச் 1, சனி

கலண்டரைப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

மே மூன்றாம் திகதி அண்ணனுடைய முதல் திவசம். ஒரே மகன். அவன் வந்து எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். வருகிறேன் என்று சொன்னவன்தான். இன்றைக்குக் கேட்டால், "பார்ப்போம் அத்தை" என்கிறான். பார்ப்போம்னா என்னடா அர்த்தம்? இழுத்து இழுத்துச் சொன்னான் — அன்றைக்குத்தான் அவனுடைய டீமுக்குக் கடைசி மெட்சாம்.

என் வீட்டுக்காரர் செல்லப்பா கோப்பைக்குள் பார்த்தபடி பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" "அவன் எங்கிட்டச் சொன்னான் புள்ள. நீ கத்துவேன்னு..." கத்தத்தான் செய்தேன். பக்கத்து வீட்டுப் பரிமளம் வேலிக்கு வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

பெற்ற தகப்பனுக்கு மேலே ஒரு பந்தா?

மார்ச் 4, செவ்வாய்

கண்டிக்குப் போய் கதிரேசன் கோயிலில் நேர்த்தி வைத்துவிட்டேன். மஞ்சள் துணியில் காசு முடிந்து கொண்டுவந்து சாமிப் படத்தில் கட்டியிருக்கிறேன். முருகா, அந்த டீம் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும். ஈ ஓட்டுகிற கடையில் எவன் போய் நிற்பான்? வெறுத்துப்போய் பிள்ளை தானாக வந்து சேர்வான். வந்ததும் பால்குடம் எடுக்கிறேன்.

மார்ச் 8, சனி

தோற்றுவிட்டார்களாம். முருகா!

மார்ச் 15, சனி

இன்றைக்கும். மூன்று கோல் வாங்கினார்களாம். பரிமளத்திடம் நேர்த்தியைச் சொன்னேன். "அக்கா, வெள்ளைக்காரன் பந்து வரைக்கும் போயிட்டீங்களே, எங்க வீட்டு மனுசன் குடிய நிறுத்தவும் ஒரு காசு முடிஞ்சு போடுங்க" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

மார்ச் 22, சனி

மறுபடியும் தோல்வி. கிருஷ்ணாவின் குரல் செத்துக் கிடந்தது. மனசுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் நல்லதுக்குத்தான்.

மார்ச் 30, ஞாயிறு

நேற்றும் தோற்றார்கள். இன்று போன் எடுத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டான். "அத்தை, மன்னிச்சிக்கங்க, திவசத்துக்கு வர முடியாது. கடைசி மெட்ச்சுக்கு நான் இருந்தே ஆகணும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோற்றால் விட்டுவிட வேண்டியதுதானே?

செல்லப்பா தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார். "அடியே, நடுவுல கெடந்த டீம் அது. அப்படியே இருந்திருந்தா கடைசி மெட்ச்ச எவனும் சட்ட பண்ண மாட்டான், புள்ள பேசாம கெளம்பி வந்திருப்பான். இப்ப அடிக்குப் போயிருச்சு. கடைசியில நிக்கிற டீம்கள, பெயிலான புள்ள மாதிரி, கீழ் வகுப்புக்கு எறக்கிருவாங்க. தப்பிக்கிறதும் எறங்குறதும் அந்தக் கடைசி நாளுலதான். நீ நேர்த்தி வச்சு வச்சு அந்த மெட்ச்ச நீயே பெருசாக்கிட்டே."

எனக்கு யார் சொன்னார்கள் இதெல்லாம்? மனுசன் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக்கூடாதா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தாரு?

கோபத்தில் அந்த போட்டோவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கிருஷ்ணாவின் சட்டையில், நெஞ்சுக்கு நேரே ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தேன்.

சேவல்.

முருகனுடைய கொடியில் இருக்கிற சேவல். அவர் முன்னாலேயே போய் நின்று, அவர் சேவலைச் சாகடி என்று கேட்டிருக்கிறேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்!

ஏப்ரல் 2, புதன்

போனில் சண்டை. நன்றாகத் திட்டினேன். அப்பன் முக்கியமா பந்து முக்கியமா, அத்தை முக்கியமா அந்த மொரீன் முக்கியமா என்று கேட்டேன். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்:

"அத்தை, வேலையில நாள் முழுக்க மெதுவாப் பேசணும். மெதுவா நடக்கணும். ரூமுக்கு வந்தா பேச ஆள் இல்ல. அப்பா செத்தப்ப நான் இங்கதான் இருந்தேன், இன்னும் சத்தமா அழக்கூட இல்ல, செவுரு மெல்லிசு, பக்கத்து ரூம்ல ஆள் இருக்கு. கிரவுண்ட்ல நான் எவ்வளவு கத்தினாலும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறதில்ல. எல்லாரும் கத்துறாங்க. ஒரு நாள் கத்திக்கிட்டே அழுதுட்டேன். கோல் வாங்கினதுக்கு அழுவுறேன்னு நெனச்சு மொரீன் ஆண்ட்டி முதுகத் தடவி விட்டாங்க."

நான் போனை வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்?

அவள் தடவிவிட்டாளாம். நான் இங்கே உட்கார்ந்து காசு முடிந்துகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

முதல் பஸ்சில் கதிரேசன் கோயிலுக்குப் போனேன். வைத்த நேர்த்தியைத் திருப்பி எடுக்கலாமா என்று ஐயரிடம் கேட்டேன். என்ன நேர்த்தி என்றார். சொன்னேன். கையில் தீபத்தட்டோடு நின்று சிரிக்கிறார்! "போன மாசம் தோக்கணும்னீங்க, இந்த மாசம் ஜெயிக்கணுங்கிறீங்க. அவர் எந்தப் பக்கம்மா ஆடுவார்?"

எனக்கு வந்த கோபத்துக்கு, கோயிலாக இல்லாவிட்டால் நடந்திருப்பதே வேறு.

வீட்டுக்கு வந்து அதே மஞ்சள் துணியில் இரண்டாவது காசையும் முடிந்தேன். கடைசி மெட்சுக்கு முன்பே அவர்கள் தப்பித்துவிட வேண்டும். பிள்ளை திவசத்துக்கு வர வேண்டும். முருகா, உன் சேவலை நீதான் தூக்கிவிட வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

சமநிலையாம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். இதற்கு என்ன அர்த்தம்? முருகன் யோசிக்கிறார் போல.

அங்கே கடிகாரத்தை மாற்றிவிட்டார்களாம், இங்கே ஏழரை மணிக்கே மெட்ச் தொடங்கிவிடுகிறது. அதிலும் ஏழரை!

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. கிருஷ்ணா எடுத்தான். நல்ல நாளில் சண்டை வேண்டாமென்று இருவரும் சாப்பாட்டைப் பற்றியே பேசினோம். வைக்கும்போது கேட்டேன்: "வெள்ளிக்கிழம மெட்ச் இருக்காமே, அந்த நெட்டக்காலன் ஆடுவானா?" "அத்தை... ஒங்களுக்கு எப்படி அவனத் தெரியும்?"

ஏன் தெரியாது? பத்து நாளாக செல்லப்பாவின் போனில் வேறு என்னத்தைப் பார்க்கிறேன்?

ஏப்ரல் 18, வெள்ளி

ஜெயித்துவிட்டார்கள்! நெட்டைக்காலன் தலையால் முட்டிப் போட்டான்.

ஏப்ரல் 21, திங்கள்

திங்கட்கிழமையும் ஆடுகிறார்கள், இவர்களுக்கு வேலைவெட்டி கிடையாதா? முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினார்கள். செல்லப்பாவின் தோளை எத்தனை தரம் அடித்தேனோ தெரியாது. பிறகு இரண்டு போட்டார்கள். முடிந்ததும் கிருஷ்ணா எடுத்தான். இரைச்சலில் ஒன்றுமே கேட்கவில்லை, "தப்பிச்சிட்டோம் அத்தை, வாறேன், டிக்கெட் எடுக்கிறேன்" என்பது மட்டும் கேட்டது.

சாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். எழும்பத்தான் செல்லப்பா கைகொடுக்க வேண்டியிருந்தது.

மே 3, சனி

திவசம் முடிந்தது. மகாவலிக் கரையில் கிருஷ்ணா எள்ளும் தண்ணீரும் விட்டான். விட்டுவிட்டு வாய்விட்டு அழுதான். கரையில் எத்தனையோ பேர். ஒருத்தரும் ஏன் என்று பார்க்கவில்லை. நான்தான் முதுகைத் தடவினேன்.

படையல் சோற்றைக் காகம் உடனே வந்து எடுத்தது.

பொழுது பட்டதும் எள் விளக்கு ஏற்றினேன். பிள்ளை வாசல் படியில் சும்மா உட்கார்ந்திருந்தான், போனைத் தொடவே இல்லை. "மணி ஏழரை ஆச்சேடா" என்றேன். "பரவால்ல அத்தை. இன்னைக்குத் தோத்தாலும் ஒண்ணும் ஆகாது."

"என்னடா ஒண்ணும் ஆகாது? போடு அத."

போட்டான். போட்ட உடனேயே ஒரு கோல் வாங்கினார்கள். நேரே கைக்கு வந்த பந்தை, கோல் காக்கிற அந்தக் கோலி நழுவவிடுகிறான், வெண்ணெய் பூசிய கை! திவச நாளும் அதுவுமாக என் வாயில் வந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

அந்த நேரம் பார்த்து மொரீனுடைய போன் வந்தது. முகம் தெரிந்தது. பக்கத்துச் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். வேறு யாரும் உட்காராதபடி கிருஷ்ணாவின் இடத்தில் அந்தக் கம்பளித் துணியை விரித்து வைத்திருந்தாள். நான் போனை வாங்கி எள் விளக்கைக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மைதானத்துப் பக்கம் திரும்பி, முகம் சிவக்க, ஏதோ கத்தினாள்.

"என்னடா சொல்றா?"

"வேணாம் அத்தை. கோலியத் திட்டுறாங்க. ரொம்ப மோசமா."

நன்றாகத் திட்டட்டும். நான் சொன்னதையும் அவளுக்குச் சொல்லடா என்றேன்.

கிருஷ்ணா புதன்கிழமை திரும்பிப் போகிறான். அதற்கு முன் பால்குடம் எடுத்துவிட வேண்டும், இரண்டு காசுக்கும் சேர்த்து. இனி மெட்ச் ஓகஸ்டில்தானாம். அதுவரைக்கும் சனிக்கிழமைகளில் நான் யாரைத் திட்டுவது?