ஷேரு ஏமாற்றவில்லை

நீ எழுதியது தவறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதை மட்டுமே பேசுகிறார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. என் நாயை ஏமாற்றுக்காரன் என்று எழுதி, சொசைட்டி செயலாளர் என்று கையெழுத்துப் போட்டு, லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டினாய். அந்தத் தாள் ஓரம் பழுத்து இன்னும் அங்கேயே இருக்கிறது.

நேற்று உன் மருமகள் உன் சாம்பல் நிறச் சால்வையை எனக்கென்று கொண்டுவந்தாள். பிரித்ததும் அந்துருண்டை நெடி, அதற்கடியில் நீ தேய்க்கும் தைலத்தின் வாசனை. மூலையில் படுத்திருந்த ஷேரு எழுந்து வந்து சால்வைக்குள் மூக்கை விட்டான். வால் தாழ்வாக, இடுப்போடு சேர்ந்து, அகலமாக ஆடியது. வாய் தளர்ந்து திறந்திருந்தது. சந்தோஷ வால் என்றால் அதுதான். அன்று லிஃப்டில் நீ பார்த்தது வேறு.

அது ஜனவரிக் காலை. இரண்டாம் மாடியில் லிஃப்ட் நின்றது. குரங்குக் குல்லாய், தடித்த கோட்டு, கையில் காய்கறிப் பை என்று நீ உள்ளே வந்தாய். அந்த வேஷத்தில் எனக்கே உன்னை அடையாளம் தெரியவில்லை. ஷேரு மூலையில் ஒண்டி நின்றான். வால் குச்சி மாதிரி நிமிர்ந்து, நுனி மட்டும் வெடவெடவென்று ஆடியது. வாயை இறுக மூடியிருந்தான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வெள்ளை விழி தெரிய உன்னையே பார்த்தான். இரண்டு தரம் உதட்டை நக்கினான். அன்று இதையெல்லாம் படிக்க எனக்கும் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்தேன். நீ சிரித்தபடி குனிந்து, அவன் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனாய். மணிக்கட்டில் இரண்டு பல் கீறல்.

ஊசி போட்டுக்கொள்ள உன்னோடு நான்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். காய்கறிப் பையையும் நான்தான் சுமந்தேன். அப்போது நீ கோபப்படவில்லை. மறுநாள் காலை பலகையில் தாள். "வாலை ஆட்டி ஏமாற்றிக் கடிக்கும் நாய். லிஃப்டில் அனுமதி இல்லை." இந்தியில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம்.

கடித்ததை நான் மறுக்கவில்லை. லிஃப்ட் சின்னது, தடையும் நியாயம்தான். அந்த ஒரு சொல்தான் எனக்கு ஆகவில்லை. ஒரே அமைச்சகத்தில் ஆயுசு முழுக்கத் தட்டச்சு செய்தவர்கள் நாம். உத்தரவில் ஏறிவிட்ட ஒரு சொல் ஒருவரை எத்தனை வருஷம் துரத்தும் என்று நமக்குத் தெரியாதா? அந்தச் சொல்லை அடித்துவிடு என்று கேட்க உன் வீட்டுக்கு வந்தேன்.

"ஏட்டி, வாலை ஆட்டிக்கிட்டுதான நின்னான்? ஆட்டிட்டுக் கடிச்சா அதுக்கு வேற என்ன பேரு?" என்றாய்.

"நீ கையை ஆட்டினா டாட்டாவா, அடியான்னு பாக்க வேண்டாமா?" என்றேன்.

கையெழுத்துப் போட்டாயிற்று என்று சொல்லி டீ கொடுத்தாய். குடித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவனும் நானும் படிதான். நாலு மாடி. கொஞ்ச நாளில் கமிட்டியே அந்தத் தடையை மறந்துவிட்டது. மற்ற நாய்கள் எல்லாம் லிஃப்டில் போய் வந்தன. வாசலில் காவலுக்கு நிற்கும் கார்டு பையா கதவைப் பிடித்துக்கொண்டு, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் ஆன்ட்டி ஜி என்பான். தாள் சொல்கிறதே என்பேன்.

மூன்றாவது வாரம் நீயும் படியில் வந்து சேர்ந்தாய். முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாராம். உன் முழங்காலைப் பார்த்து அப்படிச் சொல்லும் டாக்டர் டெல்லியில் கிடையாது. கைப்பிடிப் பக்கத்தை உனக்கு விட்டுக்கொடுத்தேன்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்து, அவனைப் பார்த்துக்கொண்டே இருப்போம். நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்: என்ன செய்தான், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன. கீழே பட்டாசு வெடித்தால் கொட்டாவி விடுவான், தூக்கத்தினால் அல்ல. எதிர் பிளாக்கின் பெரிய நாய் தாண்டிப் போனதும், நனையாத உடம்பை நனைந்தது போல உதறுவான். பதற்றம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கார்டு பையா கிட்டே வந்தால் மல்லாந்து விறைப்பான். பையா வயிற்றைச் சொறியப் போவான். "சொறியாத பையா, விட்டுரச் சொல்லுதான்" என்று நீ தமிழிலேயே அதட்டுவாய். பையாவுக்கும் எப்படியோ புரிந்துவிடும்.

என் துளசித் தொட்டி உடைந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் வந்து பார்த்தபோது பால்கனி முழுக்க மண். ஷேரு காதைப் படுக்க வைத்து, உடம்பைச் சுருக்கி, சுவரைப் பார்த்தான். தப்பு செய்தவன் மூஞ்சியைப் பார் என்று கத்தினேன். நாற்காலியில் நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய்.

"நாந்தான்ட்டி தட்டிவிட்டேன். அவன் ஒம் மூஞ்சியப் பாத்துல்லா பயப்படுதான்."

அதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் காலண்டர் தாளில், குற்ற உணர்ச்சி என்று அதுவரை எழுதியிருந்த இடமெல்லாம் அடித்துப் பயம் என்று திருத்தினேன். நான் திருத்திவிட்டேன் பார், நீ எப்போது என்று உன்னிடம் நீட்டினேன். தாளை வாங்கிப் படித்துவிட்டு, எழுத்துப் பிழை இருக்கிறது என்றாய்.

உடம்பு முடியாமல் போன கடைசி மாதங்களில், அவன் உன் கட்டிலோரம் படுத்து உன் பாதத்தில் முகவாயை வைத்துக்கொள்வான். ஒருநாள் நீயாகவே சொன்னாய்: "அந்த வார்த்தைய அடிச்சிருக்கணும்ட்டி." பேனாவை எடுத்துக் கொடுத்தேன். "இப்ப நான் செக்ரட்டரி இல்லையே" என்றாய். அதிகாரம் இல்லாதவர் உத்தரவில் கை வைக்கக் கூடாது. சரிதான். இரண்டு பேரும் இருமல் வரும்வரை சிரித்தோம். ஆனால் அதோடு தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். காகிதத்தில் ஏறியது காகிதத்தில்தான் இறங்க வேண்டும்.

ஷேருவுக்குப் பதிமூன்று வயது ஆகிறது. சில வாரங்களாக, மேலே ஏறும்போது முதல் திருப்பத்திலேயே நின்றுவிடுகிறான். படியைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறான், உதட்டை நக்குகிறான், கொட்டாவி விடுகிறான். வா ராஜா என்று கூப்பிட்டால் வாலின் நுனியை மட்டும் தாழ்வாக ஆட்டிவிட்டு, பின்னங்காலை இழுத்து ஏறுகிறான். இன்று காலை உன் மருமகள் எதிரே வந்தாள். "ஷேருவுக்குப் படின்னா இஷ்டம் போல ஆன்ட்டி, வாலை ஆட்டறானே" என்றாள். ஆமாம் என்று சொல்லப் போய், அவன் வாயையும் பின்னங்காலையும் பார்த்தேன். இத்தனை வாரமும் எனக்கு நானே அதையே சொல்லித்தான் அவனை ஏற்றியிருக்கிறேன். நீ இருந்திருந்தால் முதல் நாளே என்னைப் பிடித்திருப்பாய்.

ஆகவே ஆக வேண்டியவை. புதிய செயலாளர், வருகிற கூட்டத்தில், ஏமாற்றி என்ற சொல்லை மட்டும் நீக்கிப் புதுத் தாள் ஒட்ட வேண்டும். கடித்தது இருக்கட்டும், அது நடந்தது. கோரிக்கைக் கடிதம் தட்டச்சு செய்துவிட்டேன், பிழை இல்லை. உன் மகனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். இந்த மடலை உன் மருமகள் அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். லிஃப்டில் ஏறுகிறவர்கள் வாலை மட்டும் பார்க்காமல் வாயையும் கண்ணையும் பார்க்க வேண்டும், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகக் கூடாது. நான், சொல் நீங்கினாலும் நீங்காவிட்டாலும், நாளைக் காலை அவனை லிஃப்டில் ஏற்ற வேண்டும்.

ஷேரு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அவன் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டான்.