பெட்டி யார் பேச்சைக் கேட்கும்?

கசார்வாடி
12 ஜூலை 2007, வியாழன்

அன்புள்ள விஜய்க்கு,

கலியன் எழுதுவது. நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீயும் வீட்டாரும் நன்றாக இருப்பதாக நானே வைத்துக்கொள்கிறேன். மூன்று நாளாகப் போன் செய்கிறேன். எப்போது கூப்பிட்டாலும் மீட்டிங். இன்று எங்கள் பக்கம் வாராந்திர மின்வெட்டு, பட்டறை மூடியிருக்கிறது. அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

திங்கட்கிழமை பக்கத்துப் பட்டறையில் பவுனக்காவுக்கு வலக்கையில் இரண்டு விரல் போய்விட்டது. கட்கி குவார்ட்டர்ஸில் உங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் இருந்த அதே பவுனக்காதான். புருஷன் போனபிறகு ஐந்து வருஷமாக இங்கே இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறார். அந்த லேத்தை இயக்குவது உன் கம்பெனியின் கன்ட்ரோல் பெட்டி. வேலை பாதியில் இருக்கும்போது லோட்ஷெடிங். எல்லோரையும் போல அக்காவும் கரண்ட் போன நேரத்தில் இரும்புச் சுருளை எடுக்கக் கையை உள்ளே விட்டார். கரண்ட் வந்தது. யாரும் எதையும் தொடவில்லை. பெட்டி தானாக விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிட்டது.

அந்தத் "தானாகத் தொடங்குவது" யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். நான். 2002-ல் என் பட்டறைக் கம்ப்யூட்டரில் நான் எழுதி, நீ திருத்தி, எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஊருக்கே இணையத்தில் கொடுத்தோமே, அந்த நிரல்தான் பெட்டிக்குள் ஓடுகிறது. கரண்ட் போய்ப்போய் வருகிற ஊரில் பாதி வெட்டிய இரும்பு வீணாகக்கூடாது என்று அதைச் சேர்த்தேன். என் லேத்தில் மோட்டாருக்கு முன்னால் பழைய ஸ்டார்ட்டர் இருந்தது. கரண்ட் போனால் அது விழுந்துவிடும். ஒரு ஆள் பச்சை பட்டனை அமுக்காமல் மோட்டார் சுற்றாது. எல்லா லேத்திலும் ஸ்டார்ட்டர் இருக்கும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். உங்கள் பெட்டி மோட்டாரை நேராகவே ஓட்டுகிறது.

அன்று சாயந்திரமே திருத்தினேன். இரண்டே வரி. கரண்ட் வந்தால் ஆள் பட்டன் அமுக்கும்வரை காத்திரு, அவ்வளவுதான். பெட்டியோடு நீங்கள் கொடுக்கும் சிடியில் மூல நிரல் முழுதும் இருக்கிறது, மூன்றாம் வரியில் என் பெயரும் இருக்கிறது. திருத்தியதைப் பெட்டியில் ஏற்றினால் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. பழையதைப் போட்டால் ஓடுகிறது. ஒரு எழுத்து மாறினாலும் நிற்கிறது. இது என்ன கூத்து? உடனே சொல்.

கலியன்


விமான் நகர்
22 ஜூலை 2007

அன்புள்ள கலியா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. பவுனக்காவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க நினைத்தேன். கம்பெனி ஆளாகப் போனால் பொறுப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று எங்கள் வக்கீல் தடுத்துவிட்டார். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

சிவப்பு விளக்கைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். பெட்டி ஆன் ஆகும்போது, உள்ளே இருக்கும் நிரலில் கம்பெனியின் மின்கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் ஓடாது. அந்தப் பூட்டை எழுதியது என் டீம்தான். கோபப்படாதே. நாம் நிரலை ஊருக்குக் கொடுத்த பொது உரிமம் கேட்பது மூல நிரலைக் கொடு என்பதுதான், கொடுக்கிறோம். பெட்டி எந்த நிரலை ஓட்டவேண்டும் என்று அந்த உரிமத்தில் எங்கேயும் இல்லை. போன மாதம் வந்த புதிய உரிமத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருப்பது தெரியும். நாம் கொடுத்தது பழையதன் கீழ்.

பாதுகாப்புக்காகத்தான் பூட்டு என்பதையும் நம்பு. பட்டறைக்கு ஒருவன் தனக்குத் தோன்றியபடி மாற்றினால் இதைவிட மோசமாக நடக்கும். உன் திருத்தத்தை மேலே அனுப்பியிருக்கிறேன். எல்லாம் சோதித்து அடுத்த பதிப்பில் வரும். மார்ச் என்கிறார்கள். அதுவரை கொஞ்சம் பொறு.

என்றும் உன்
விஜய்


கசார்வாடி
26 ஜூலை 2007, வியாழன்

விஜய்க்கு,

மார்ச்! எட்டு மாதம். அதற்குள் எத்தனை தடவை கரண்ட் போகும் என்று உன் சோதனைக் கூடத்தில் கணக்கிட்டார்களா? அங்கே ஜெனரேட்டர் இருக்கும், பாவம், தெரியாது.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுகிறீர்கள். எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை, எடுக்கத்தான் கொடுத்தோம். ஆனால் நமக்கு அதை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது யார்? நமக்கு முன்னால் எழுதிய முகம் தெரியாத நூறு பேர். அதை வாங்கி அனுபவித்துவிட்டு, உனக்குப் பின்னால் வருகிறவனுக்கு மட்டும் சிடியைக் கையில் கொடுத்து, "படித்துப் பார், தொடாதே" என்கிறாய். சட்டத்தில் ஓட்டை இருக்கலாம். அதில் நுழைந்து போகிறவனுக்குக் கூச்சம் என்று ஒன்று வேண்டாமா?

பாதுகாப்பு என்கிறாய். என் லேத்தின் கியர் மூடியில் நான்கு திருகுதான் இருக்கிறது. திறந்து கையை விட்டால் கை போகும். அதற்காகச் செய்தவன் அதை வெல்டிங் வைத்தா அனுப்பினான்? மாற்றினால் நீ பொறுப்பு என்று எழுதி வாங்கு, வாரண்டியை ரத்து செய், நான் கேள்வி கேட்கமாட்டேன். தப்பு உள்ளே இருக்கிறது என்று தெரிந்தபிறகும் நீயும் திருத்தமாட்டாய், திருத்தியவனையும் விடமாட்டாய் என்றால், அது வைக்கோற்போரில் படுத்த நாயின் வேலை.

பழைய ஸ்டார்ட்டர்களை வாங்கிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போனேன். மூன்று பேர்தான் மாட்டவிட்டார்கள். மற்றவர்கள், "கம்பெனி சீல் துட்லா தர் வாரண்டி ஜாணார்", சீல் உடைந்தால் வாரண்டி போச்சு என்று கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள்.

நேற்று பவுனக்காவைப் பார்க்கப் போனேன். மறைத்துவைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்த மிசினு தானா ஓடுச்சே, அத எழுதுனது நான்தான்."

கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ எழுதுனதுன்னா நீயே சரி பண்ணிடு. அடுத்தவளுக்கு ஆவக்கூடாது."

"சரி பண்ணிட்டேன்க்கா. பொட்டி ஏத்துக்க மாட்டேங்குது."

"எங்க சேட்டு காசு குடுத்து வாங்குன பொட்டிதானே? அது யாரு பேச்சதான் கேக்கும்?"

"விஜய் பேச்ச."

"யாரு, நம்ம ஸ்டெல்லா மவனா? அப்ப அவன்கிட்ட சொல்லு, செய்வான். நல்ல புள்ள."

நல்ல பிள்ளையாம். சொல்லிவிட்டேன். உன்னால் என்ன முடியும் என்று பார்க்கிறேன்.

கலியன்


விமான் நகர்
19 ஆகஸ்டு 2007

அன்புள்ள கலியா,

இதோடு கூரியரில் ஒரு சிடி வருகிறது. உன் இரண்டு வரி அதில் இருக்கிறது, கம்பெனியின் கையொப்பமும் இருக்கிறது. இன்று ஞாயிறு, ஆபீசில் யாரும் இல்லை. நானே போய்க் கையொப்பமிட்டேன். தெரிந்தால் என் வேலை போகும். வீட்டுக்கடன் இன்னும் பதினாறு வருஷம். அதையும் மீறித்தான் செய்தேன், அக்காவுக்காகவும் உனக்காகவும்.

பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். கசார்வாடியில் உனக்குத் தெரிந்த பெட்டிகளில் போட்டுக்கொள். இதோடு விட்டுவிடு. இந்த நிரலை எழுதுகிறவர்களின் இணைய மடலாடல் குழுவில் எழுதாதே. எழுதினால் கையொப்பம் எங்கிருந்து வந்தது என்று தேடுவார்கள். மற்ற ஊர்களுக்கு மார்ச்சில் போய்ச் சேரும்.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. பழையபடி ஒரு நாள் கட்கியில் உட்கார்ந்து பேசலாம்.

உன்
விஜய்


கசார்வாடி
30 ஆகஸ்டு 2007, வியாழன்

விஜய்க்கு,

சிடி வந்தது. பதினான்கு பெட்டிகளில் ஏற்றிவிட்டேன். எல்லாவற்றிலும் பச்சை விளக்கு எரிந்தது. நான் எழுதியபோது எரியாத விளக்கு, அதே இரண்டு வரிக்கு நீ கையெழுத்துப் போட்டதும் எரிகிறது. இருந்தாலும் உன் வேலையைப் பணயம் வைத்துச் செய்தாய். அதற்கு நன்றி. மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் நீ கேட்டதைத் தரமுடியாது. உன் கம்பெனி விளம்பரத்தில் ஆயிரத்து இருநூறு பெட்டி என்று போட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூர், ராஜ்கோட், லூதியானா. அங்கேயும் இன்று கரண்ட் போகும், அங்கேயும் ஒருத்தி கையை உள்ளே விடுவாள். நேற்று மடலாடல் குழுவில் எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது என்று முதல் வரியிலேயே என் பெயரைப் போட்டேன். ஸ்டார்ட்டர் எப்படி மாட்டுவது என்று படம் வரைந்து போட்டேன். பூட்டைப் பற்றியும் எழுதினேன். உன் சிடியைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. உன் பெயர் என் வாயிலிருந்து வராது, பயப்படாதே.

பவுனக்கா திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். அவர் லேத்தில் சோதித்துக் காட்டினேன். வேலை பாதியில் இருக்கும்போது மெயினை அணைத்து மறுபடி போட்டேன். லேத் அசையவில்லை. மூன்று தடவை செய்யச் சொன்னார், செய்தேன். பிறகு மிச்சமிருந்த விரல்களால் பட்டனை அமுக்கினார். ஓடியது.

"விஜய்தான் செஞ்சானா?"

"ஆமாக்கா. ஞாயித்துக்கிழம யாருக்கும் தெரியாம ஆபீசுக்குப் போயி."

"நல்லா இருக்கட்டும்," என்றார். லேத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு உள்ள வேற எதுனா தப்பு கண்டுபுடிச்சா? அப்பவும் அவன் திருட்டுத்தனமா போற வரைக்கும் நாம கைய நீட்டிக்கிட்டு நிக்கணுமா?"

அந்தக் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன். பதில் தெரிந்திருந்தால் எழுது. எனக்கு வேண்டாம். பூட்டையும் போட்டுவிட்டு, வாயையும் மூடச் சொன்னவன் நீ. உன் கடிதம் எதையும் இனி நான் பிரிக்கப்போவதில்லை. அக்காவுக்கு எழுது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

கலியன்