கடிக்காத பூட்ஸ்

என் வீட்டுச் சிப்பாய்க்கு,

நாளை பயிற்சி முகாமுக்குப் புறப்படுகிறீர்கள். புது பூட்ஸைப் பழக்க வேண்டும் என்று தினமும் சாயங்காலம் நடக்கப் போனீர்கள். இந்தப் பராகுவே மண்ணில் கொடியில் காயும் துணிகூடச் சிவந்துவிடும். உங்கள் பூட்ஸின் அடியில் மட்டும் செம்மண்ணே ஒட்டவில்லை. குதிகாலில் ஒரு கொப்புளமும் இல்லை.

பக்கத்து வீட்டு எவுலாலியாதான் சிரித்தாள். "உன் வீட்டுக்காரர் பூட்ஸை மரவள்ளித் தோட்டத்துல ஒளிச்சு வச்சுட்டு செருப்போட போறாருடி. பட்டாளத்துல இப்ப அப்படித்தான் பழக்குறாங்களோ?"

அன்று அந்த பூட்ஸை எடுத்து, மூன்று காலுறைக்கு மேல் நான் மாட்டிக்கொண்டேன். உங்கள் பின்னாலேயே ஆற்றங்கரை வரை நடந்தேன். கடைசி வீட்டு வாசலில் உங்கள் செருப்பு கிடந்தது. அதை ஒட்டி, பூப்போட்ட சின்னச் செருப்பு ஒரு ஜோடி. அதைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை.

அதன் பிறகு தினமும் நடந்தேன். தினமும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். நேற்றும் வந்து உட்கார்ந்து, "யப்பா, என்னா கடி கடிக்குது!" என்றீர்கள். ஐஸ் போட்டு, தெரெரே மூலிகைத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குளிரக் குடித்தீர்கள்.

தோல் நன்றாக இளகிவிட்டது. தைரியமாகப் போட்டுக்கொண்டு போங்கள், இனி உங்களைக் கடிக்காது. கடிக்க வேண்டியதையெல்லாம் என்னைக் கடித்துவிட்டது.

குதிகாலில் துணி சுற்றியிருப்பவள்