கல்லுப் பாட்டு

உன் மகள் கொண்டுவந்து தந்த நாவல் மேசையில் கிடக்கிறது. பசை மணம் இன்னும் போகவில்லை. நம் வகுப்பில் படித்தானே சங்கக்கடை மனேச்சரின் மகன், அவன் எழுதியது. வெளிநாட்டில் அச்சிட்டு ஊருக்குப் பெட்டி பெட்டியாக அனுப்பியிருக்கிறான். ஒழுங்கில்லாமல் எழுதினால் எனக்குப் பதற்றம் வரும், உனக்குத் தெரியும். ஆகவே சொல்லப் போவதை முதலில் எண்ணிட்டு வைக்கிறேன்.

1. இது கேவலமான நாவல்.
2. இதை எழுதியவன் நம் பாட்டை ஒருநாளும் கேட்டதில்லை.
3. உன் மகளுக்கு நான் சொல்ல வேண்டிய பதில்.

நாவலில், நம் ஊர் ஸ்கந்தபுரத்தில் ஒரு வாலிபன். ராக் இசை கேட்கிறான், தலைமயிர் வளர்க்கிறான், தகப்பனை எதிர்க்கிறான், உலகத்தைக் கண்டுபிடிக்கிறான். அத்தியாயத்துக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு ஒரு ஞானம். ஆங்கிலப் பாட்டு ஒரு சொல் விடாமல் அவனுக்கு விளங்குகிறது. எழுதியவனோ ஆங்கிலப் பரீட்சையில் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து எழுதியவன். நான் கையால் மறைக்கப் பயந்தவன், அதனால் எனக்குத் தெரியும். இந்த நாவலைவிட வயலுக்குப் போடும் பசளைப் பையில் அச்சடித்திருக்கும் வாசகம் நேர்மையானது.

நீயும் வருகிறாய். பெயர் இல்லை, ‘தோட்டத்துப் பொடியன்’ மட்டும். கதாநாயகன் பாட்டுக் கேட்கும் ரேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறாய். நடுவில் ஓரிடத்தில் அதற்குப் போடும் பற்றறியைக் களவெடுத்து அடி வாங்குகிறாய்.

உன் மகள் வாசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கதிரை நுனியில் இருந்துகொண்டு, “மாமா, அப்பா களவெடுத்தவரா?” என்று கேட்டாள். உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். முழுவதும் வாசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்து அனுப்பினேன். நீ கண்ணை மூடி இரண்டு மாரி ஆகிறது. உனக்காகப் பேச என்னைப் போல ஒருவன்தான் மிச்சம், பாவம் நீ.

அந்த ரேப் ரெக்கோடர் உன்னுடையது. மலைநாட்டில் நீங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் அரசாங்கத்துக்குப் போய், துரை சீமைக்குப் புறப்பட்டபோது, பங்களாவில் சமைத்த உன் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்து லய வீட்டை விட்டு இங்கே ஓடிவந்தபோது, அவர் ஒரு கையில் உன் தங்கச்சியையும் மறுகையில் அதையும் தூக்கி வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த எங்கள் ஆட்கள், நேற்று வந்ததை மறந்து, உங்களை வந்தான் வரத்தான் என்றார்கள். “தோட்டக்காட்டான்ரை பெட்டி என்ரை வளவுக்குள்ளை வரப்படாது” என்றார் என்னைப் பெற்ற ஐயா. ஆகவே வாய்க்கால் கட்டில் இருந்து கேட்டோம்.

பெட்டியோடு வந்த பாட்டுக் கசற்றின் உறையில் ‘ராக்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் அகராதியைப் பார்த்து, கல், பாறை என்று வாசித்துக் காட்டினேன்.

“அப்ப இது நம்ம மலப் பாட்டுடா” என்றாய் நீ.

ஏறி நிற்கக் குளக்கட்டைத் தவிர வேறு உயரமில்லாத ஊரில், உனக்கு ஒரு மலை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அது நமக்குக் கல்லுப் பாட்டு. ராக் என்றால் ஆட்டமும்தான் என்று பல்கலைக்கழகத்தில் அறிந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நம் இருவரில் பிழை யாருடையது என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

மனேச்சரின் மகன் ஒருநாள் மாலை, மினுக்கிய காற்சட்டையோடு சைக்கிளில் வந்து நின்றான். பாட்டு, நாய்க்கு அடிபட்டதுபோல் இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போனான். நான் பயத்தில் அகராதியை விரித்துக்கொண்டேன். நீயோ, “போவட்டும்டா. நின்னா அவரு காச்சட்டைக்கு அழுக்காயிரும்” என்றாய்.

பற்றறிக் களவாம்! செத்த பற்றறிகளைத் தகரக் கூரையில் வெயிலுக்கு அடுக்கி வைத்து, சூட்டில் கொஞ்சம் உயிர் வந்ததும் போட்டுக் கேட்டவன் நீ. களவெடுப்பவனுக்கு ஏன் அந்தப் பாடு?

இதுவரை எழுதிவிட்டுத்தான் கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். முழுவதும் வாசிக்காமல் தீர்ப்பெழுதுபவன் அல்ல நான். கோபம் முந்திவிட்டது. அதில் பற்றறி இறங்கிப் பாடகனின் குரல் இழுபடுகிறது. பொடியன் நிறுத்தக் கை நீட்டுகிறான். கதாநாயகன் சொல்கிறான்: “வுடுடா. இப்பதான் பாடுறவரு மல ஏறுறாரு. மூச்சு வாங்குது.”

உண்மையில் அன்று வாய்க்கால் கட்டில் நிறுத்தப் போனவன் நான். சொன்னவன் நீ. நாவல் முழுக்க ‘வாறன்’, ‘போறன்’ என்று எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் கதைக்கும் கதாநாயகன், இந்த ஒரு வரியில் மட்டும் உன் வாயால் கதைக்கிறான். தன் பேச்சுக்கு மாற்றினால் அது செத்துவிடும் என்று எழுதியவனுக்கும் தெரிந்திருக்கிறது. இப்போது குளக்கட்டில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கினால், அதைத்தான் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். அந்த வரி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

இன்று உன் மகள் வந்தாள். அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினேன். “இது உன்ரை அப்பா கதைச்ச கதை, பிள்ளை. களவு நடந்ததுதான். களவு போனது பற்றறி இல்லை, இது” என்றேன். அவள் வாய்விட்டு ஒருமுறை வாசித்தாள். பிறகு, “ஓம் மாமா, அப்பாதான்” என்றாள்.

ஆகவே மேலே நான் எண்ணிட்டு எழுதியதில், அவன் நம் பாட்டைக் கேட்டதில்லை என்ற இரண்டாவது பிழை. அன்று வாய்க்கால் கட்டில் நாம் இருவர் மட்டும் இருக்கவில்லை. சிரித்துவிட்டுப் போனவன் எப்போதோ திரும்பி வந்து, அக்கரைப் புல்லுக்குள் குந்தியிருந்து, பற்றறி சாகும்வரை கேட்டிருக்கிறான்.