சாமியம்மாள் அழ மாட்டாள்

நெய்வேலி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அண்ணனும் நல்லாத்தான் இருக்கோம், உன்மேல இருக்கிற கோபத்தைத் தவிர எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, நீயும் மும்பையில வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். அண்ணனுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், பகல்ல தூங்குறான், அதான் போன்ல கத்தாம எழுதுறேன். போன்ல பேசினாலும் சரிம்மா சரிம்மான்னு வெச்சிடுவே.

அந்தப் பழைய நாவலைப் படமாக்கணும்னு நீ எழுதி அனுப்பின திரைக்கதையை முழுசாப் படிச்சேன். சாமியம்மாளோட நாத்தனார் ரெண்டு பேரை ஒருத்தியாக்கிட்டே, சரி, படத்துல அத்தனை பேருக்கு இடம் ஏது. மூணு வருஷப் பஞ்சத்தை ஒரே பாட்டுல முடிச்சிட்டே, பல்லைக் கடிச்சிக்கிட்டு அதையும் விட்டேன். ஆனா புருஷன் பொணம் வாசலுக்கு வந்ததும் சாமியம்மாள் மார்ல அடிச்சிக்கிட்டு அழறான்னு எழுதியிருக்கியே, எந்தப் பக்கத்துல அழுதா அவ? நாவல்ல ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, பிள்ளைங்களுக்குச் சோறு வடிக்கப் போறா. மனசுக்குள்ள ஓடுறதைக் கேமரா காட்டாது, அழலைன்னா ஜனங்க அவளைக் கல்நெஞ்சக்காரின்னு நினைப்பாங்கன்னு உங்க புரொட்யூசர் சொன்னாராம். அடிப் போடி! கஞ்சி வடிக்கிற கையைக் காட்டேன், போதாதா? பக்கத்து குவார்ட்டர்ஸ் செந்தாமரைகிட்ட நியாயம் கேக்கலாம்னு கொடுத்தா, படிச்சிக்கினு இருக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சிக்கா, பாப்பா சூப்பரா எழுதியிருக்குதுன்னு மூக்கைச் சிந்துறா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, அவளுக்குன்னு எடுத்து வெச்ச பலாச்சுளையைக் கொடுக்காமலே அனுப்பிட்டேன்.

உங்கப்பா மாரடைப்பில போன அன்னைக்கு நானும் அழலடி. பிளாக்கே கூடி நின்னு பார்த்துச்சு, நான் உன்னை உக்கார வெச்சுத் தலை பின்னிவிட்டேன். கல்நெஞ்சக்காரின்னு என் காதுபடவே பேசினாங்க. ஏம்மா நீ அழலைன்னு நீயும் கேட்டே. நான் விழுந்துட்டா உங்க ரெண்டு பேரையும் யாரு தூக்குவா? என்னை மாதிரி இன்னொருத்தி இருக்கான்னு அந்தப் புத்தகத்துலதான் பார்த்தேன். அவளையும் நீ ஊரு சொல்ற மாதிரி மாத்திட்டே. எனக்குத் தாங்கல.

கோபத்துல எழுதினாலும் சாபமில்ல, மவராசியா இரு. சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளி, ரொம்ப நேரம் கண்ணு முழிக்காதே. படத்துக்கு முன்னாடி ‘என் அம்மாவுக்கு’ன்னு எழுத்துல போடப்போறதா அண்ணன்கிட்ட சொன்னியாமே. சாமியம்மாள் அழுதான்னா, அதைப் போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
விஜயகுமாரி